செங்கல்லுக்குப் பின்னால் நின்றவர்கள்

ஜூன் 8, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி ஃப்ரிட்ஜின் உள்தட்டு முழுக்க வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போது ஞானதுரை போன் பண்ணினான். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவன், அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான். அப்போது என் தூரிகைகளைக் கேட்காமல் எடுத்துப் படம் போடுவான். இப்போது சென்னையில் பெரிய ஆள். மாவுக் கையோடு எடுத்தேன்.

துறைமுகம் போகிற சாலையில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கியைச் சுண்ணாம்பு அடித்து, விளக்கு தொங்கவிட்டு, கண்காட்சிக் கூடமாக மாற்றியிருக்கிறார்களாம். ஜூலை பன்னிரண்டாம் தேதி அங்கே ஆறு பேர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். தலைப்பு ‘தினப்படி’. டீ போடுவது, விளக்கேற்றுவது, துணி காயப்போடுவது என்று மனிதர்கள் நாள்தோறும் செய்கிற காரியங்களும் சடங்குகளும்தான் பொருள்.

"தூத்துக்குடியில ஒரு பெண் ஓவியர் வேணும் புஷ்பம். உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு" என்றான்.

தூத்துக்குடியில் இருக்கிறேன். பெண்ணாகவும் இருக்கிறேன். ஓவியர் என்பதை மட்டும் அவன் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டான்.

கல்லூரியை முடித்த பிறகு என் கைவேலை ஒன்றுகூட எந்தக் கண்காட்சியிலும் இடம்பெற்றதில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஆண்டு விழா மேடைக்குத் தெர்மோகோலில் மயில் வெட்டியே காலம் போய்விட்டது. நாற்பத்தேழு வயதாகிறது. இந்த ஒரு கண்காட்சியில் என் வேலை நிற்காவிட்டால் இனி எங்கேயும் நிற்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவனிடம், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று கெத்தாகப் போனை வைத்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் நானே கூப்பிட்டுச் சரி என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிவபெருமாள் துறைமுக எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறவர். "நல்லது" என்றார். அவ்வளவுதான். அடுத்த லாரி வரட்டும் என்பதுபோல.

ஜூன் 11, புதன்

ஆறு பேரும் போனில் முகம் பார்த்துப் பேசினோம். ஞானதுரையோடு சேர்த்து மூன்று பேர் சென்னை, ஒருவர் மதுரை, பிறகு நான். ஆறாவது ஆள் நிலோஃபர், காயல்பட்டினத்துப் பெண். அவளுடைய வாப்பா தினமும் சட்டைக்கு இஸ்திரி போடுவதை வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குப் பிடித்தது. ஞானதுரை டபராவும் டம்ளரும் வரைந்திருக்கிறான், பன்னிரண்டடி நீளத்துக்கு. அந்த டம்ளரில் ஒரு குடும்பமே குளிக்கலாம்.

என் முறை வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவனே முடித்துவிட்டான்.

"நீ கோலம் பண்ணிடு புஷ்பம். உனக்கு அதான் நேச்சுரலா வரும்."

எனக்குக் கோலம் வராது. எங்கள் வீட்டு வாசலில் இருப்பது ஸ்டிக்கர். அதைக்கூட வீட்டுக்காரர்தான் ஒட்டினார், கோணலாக. "நான் வேற ஒண்ணு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் வைத்திருக்கவில்லை.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். நான் விடாமல் செய்கிற சடங்கு என்ன? தெருக்குழாயில் தண்ணீருக்கு நிற்பது. அதை வரைகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

குழாயடி வரிசையை எண்ணெய் வண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மூக்கு. இடுப்பில் குடம், தலையில் பூ. தண்ணீர்ச் சண்டையில் தலையில் பூவோடு நிற்கிறவளை நான் பார்த்ததே இல்லை. கை தானாகப் போட்டுவிடுகிறது, காலண்டர் பழக்கம்.

வீட்டுக்காரர் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாரும் குளிச்சு முடிச்சு வந்த மாதிரில்லா இருக்காவ?"

"உங்ககிட்ட யாராவது கேட்டாவளா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே எரிந்து விழுந்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஒன்றும் வரையவில்லை. அவியலுக்குத் தேங்காய் துருவினேன்.

ஜூன் 19, வியாழன்

தண்ணீர் நாள். எங்கள் தெருவுக்கு ஒரே குழாய். வாரத்துக்கு இரண்டு நாள் வரும், எந்த நேரம் என்பது தண்ணீருக்கே தெரியாது. அதுவரை யார் வெயிலில் நிற்பது? அதனால் ஆளுக்கொரு பொருளை வரிசையில் போட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். முத்துக்கனிக்கு அரைச் செங்கல். பேச்சியக்காவுக்கு அடி இல்லாத மஞ்சள் குடம். மைமூனுக்குக் குக்கர் மூடி. எனக்கு டிஸ்டெம்பர் வாளி. பொருள் கிடந்தால் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். அதைத் தாண்டிப் போகக்கூடாது, எடுத்து ஓரமாக வைக்கக்கூடாது. குழாய் கொறகொறவென்று இருமியதும் முதலில் கேட்டவள் "தண்ணி வந்துட்டு!" என்று கத்துவாள். வரிசை நகரும்போது ஆள் வந்து சேராத பொருளைப் பக்கத்தில் நிற்கிறவள் காலால் தள்ளி முன்னே கொண்டுவர வேண்டும். மருமகளை வீட்டைவிட்டு விரட்டியவளைக்கூட எங்கள் தெரு மன்னித்திருக்கிறது. செங்கல்லைத் தள்ளி வைத்தவளை மன்னித்ததில்லை.

இன்றைக்கு மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், சேலத்துக்காரி, இரண்டு குடத்தோடு வந்து செங்கல்லைத் தாண்டிப் போய்க் குழாயடியில் நின்றாள்.

"ஏம்மா, முன்னால ஆளு நிக்கது கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் பேச்சியக்கா.

அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள். "எங்க நிக்கிறாங்க?"

"இந்தா நிக்காவல்லா!" என்று செங்கல்லைக் காட்டினாள் பேச்சியக்கா.

அந்தப் பெண் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடைசிக்குப் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒற்றைச் செருப்பைக் கழற்றி வரிசையில் போட்டுவிட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெயிலுமாக மாடி ஏறிப் போனாள். அத்தோடு அவளும் எங்கள் தெருக்காரி ஆகிவிட்டாள்.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் படம் ஏன் செத்துக் கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. நான் வரைந்த வரிசையில் இத்தனை பெண்கள் நிற்கிறார்கள். உண்மையான வரிசையில் யாருமே இல்லை. கல்லும் மூடியும் செருப்பும்தான் இருக்கின்றன. ஆனால் பேச்சியக்காவின் கண்ணுக்கு அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். வரையப்போவதில்லை. வரிசையையே கொண்டுபோய் வைக்கப்போகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீடு வீடாகப் போய்ப் பொருள் கேட்டேன். முத்துக்கனி செங்கல்லை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதக் குடுத்துட்டு நான் எத வச்சு நிக்க?"

"வேற ஒரு கல்ல வச்சுக்கோ."

"வேற கல்லு வச்சா அது நான்னு யாருக்குத் தெரியும் டீச்சர்?"

நியாயம்தான். பேச்சியக்கா பஞ்சாயத்துக்கு வந்தாள். கண்காட்சி முடிகிற வரைக்கும் எல்லோரும் மாற்றுப் பொருள் வைத்துக்கொள்ளலாம், யாருடையது எது என்று தானே ஞாபகம் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இத வச்சு என்ன செய்யப் போறிய?"

"சும்மா வரிசையா வைக்கப் போறேன்க்கா."

"அதப் பாக்கவா மெட்ராஸ்ல இருந்து ஆளு வாராவ?" என்று கேட்டுவிட்டு மஞ்சள் குடத்தை விம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். தேய்க்க வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

இன்று மதியம் தண்ணீர் வந்திருக்கிறது. நான் பள்ளியில் இருந்தேன். வந்து பார்த்தால் எங்கள் வீட்டு டிரம் நிறைந்திருக்கிறது. எப்போதுமே அப்படித்தான். தெருக்காரர்கள் நல்லவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துபோன வீட்டுக்காரர் பேண்ட்டை முழங்கால் வரைக்கும் நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். எங்கே போய் விழுந்தாரோ.

ஜூன் 28, சனி

பொருட்களை மொட்டைமாடியில் வரிசையாக வைத்துப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பினேன். நிலோஃபர் உடனே கைதட்டல் போட்டாள். மற்றவர்கள் பேசவில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஞானதுரை தனியாகக் கூப்பிட்டான்.

"புஷ்பம், தப்பா எடுத்துக்காத. இது பழைய சாமான் கடை மாதிரி இருக்கு."

"பழைய சாமான்தான் துரை."

"கலைன்னா அதுல உன் கை இருக்கணும்ல? இதுல நீ என்ன பண்ணின?"

நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் எரிச்சல். கடைசியில், சுவர் எல்லாம் மற்றவர்களுக்கே சரியாகிவிட்டது என்றான். வாசலிலிருந்து கூடத்துக்குள் போகிற நடை இருக்கிறதே, குறுகலாக, அங்கே வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாமாம். செருப்பு விடுகிற இடம்.

சரி என்றேன். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நடை என்றால் வருகிற எல்லோரும் பார்ப்பார்கள்.

ஜூலை 2, புதன்

அழைப்பிதழ் வந்தது. நல்ல தாள், நல்ல அச்சு. ஐந்து பேரின் பெயர் இருக்கிறது. ஆறாவது வரியில் ‘மற்றும் சிலர்’. ஆறு பேரில் ஐந்து போனால் மிச்சம் நான் ஒருத்திதான். என்னை ஒருமையில்கூட போடவில்லை.

ஞானதுரையைக் கேட்டால், அச்சகத்தில் விட்டுப்போச்சு என்கிறான்.

வீட்டுக்காரர் அழைப்பிதழை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். எத்தனை அழைப்பிதழ் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டார். ஒரு கட்டு இருக்கிறது, யாருக்குக் கொடுக்க என்றேன். ராத்திரி படுக்கப்போகும்போது பார்த்தால் கட்டு இடத்தில் இல்லை. பழைய பேப்பரோடு போட்டுவிட்டாரோ என்னவோ. போனால் போகட்டும்.

ஜூலை 3, வியாழன்

எனக்குக் கோபமில்லை. மிக்ஸி ஜாரின் பிடி தானாகத்தான் உடைந்தது.

ஜூலை 10, வியாழன்

சாமான்களைக் கிட்டங்கிக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் நான்கு நடை அடித்தார். வழியில் மைமூனின் குக்கர் மூடி விழுந்து உருண்டு ஒரு டீக்கடைக்குள் போய்விட்டதாம். மீட்டுக்கொண்டு வந்தார்.

கிட்டங்கி உள்ளே அழகாக இருக்கிறது. உயரமான கூரை, சுவரெல்லாம் வெள்ளை. ஞானதுரையின் டம்ளர் எதிர்ச்சுவர் முழுக்க நிற்கிறது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறான், அந்த நுரையில் இருக்கிற வெளிச்சம் வேறு யாருக்கும் வராது. வயிறு எரிந்தாலும் உண்மையை எழுதித்தான் ஆகவேண்டும்.

நடையில் வரிசையை வைத்தேன். செங்கல் முதலில், கூடத்தின் வாசல்படியைத் தொட்டுக்கொண்டு. பிறகு மஞ்சள் குடம், குக்கர் மூடி, பிடியில்லாத மண்வெட்டி, மூன்று கால் நாற்காலி, சேலத்துப் பெண்ணின் செருப்பு, இன்னும் இன்னும். வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அவை கிடந்த விதம் மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஞானதுரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"திறப்பு விழா அன்னிக்கு மட்டும் இதை எடுத்து ஓரமா வச்சிடு புஷ்பம். கமலவேணி அம்மா வர்றாங்க. தடுக்கி விழுந்தா என்ன ஆகுறது? மறுநாள் காலைல திரும்ப வச்சுக்கோ."

கமலவேணி அம்மா பெரிய சிற்பி. அவர்தான் திறந்து வைக்கிறார். பத்திரிகை, டி.வி. எல்லாம் அன்றைக்குத்தான் வரும். மறுநாள் காலையில் கிட்டங்கிக்கு வருவது காக்கா மட்டும்தான்.

"சரி" என்றேன். ஏன் சரி என்றேன்? பள்ளிக்கூடத்தில் சரி சரி என்று தலையாட்டியே வந்த பழக்கம். ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம்.

"என்ன செய்யப்போற?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"எடுத்து வச்சிருவேன். என்ன இப்ப?"

"ம்" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

மயில்கழுத்துப் பட்டுக்கு இஸ்திரி போட்டேன். பிறகு காட்டன் போதும் என்று காட்டனுக்குப் போட்டேன். மறுபடி பட்டு. நான் சாதாரணமாகத்தான் இருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கால் வலி, தொண்டை கட்டிவிட்டது, வேறு என்னென்னவோ. ஒன்று விடாமல் எழுதவேண்டும் என்பதற்காகவே இன்று காலையில் சமையலை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டேன். அடுப்படியில் ஏதோ கருகுகிறது. கருகட்டும்.

நான்கு மணிக்கு விழா. மூன்று மணிக்கே நான் போய்விட்டேன். ஞானதுரை உள்ளே குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தான். "எடுத்துடு புஷ்பம், நேரமாச்சு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

குனிந்தேன். முத்துக்கனியின் செங்கல்லில் கை வைத்தேன். நீலப் பெயிண்ட்டில் கோணலாக ‘மு’ என்று எழுதியிருக்கிறாள். அவள் வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள், தன் இடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. ஆள் இல்லாத நேரத்தில் அவள் கல்லை எடுத்து ஓரமாக வைக்க நான் யார்? எங்கள் தெருவில் இதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அதைச் செய்யப் போனேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கையை எடுத்துவிட்டேன். உள்ளே போய், "எடுக்க முடியாது துரை" என்றேன். அவன் காதில் போன். தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னது சொன்னதுதான்.

மூன்றரைக்கு எங்கள் தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நடையில் தங்கள் பொருட்களைப் பார்த்தார்கள். அடுத்து நடந்ததை நான் திட்டம் போட்டதாக ஒரு நிருபர் எழுதப்போவதாகச் சொன்னார். சத்தியமாக இல்லை. பேச்சியக்கா வரிசையைப் பார்த்த மறுநொடி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தன் மஞ்சள் குடத்தின் பக்கத்தில் போய் நின்றாள். மற்றவர்களும் அப்படியே அவரவர் பொருளின் பக்கத்தில் போய் நின்றார்கள். முத்துக்கனி மட்டும் இன்னும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறாளாம். முதல் இடத்தில் செங்கல் மட்டும் கிடந்தது.

அந்நேரம் பார்த்து விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர், அவர்களுடைய மனைவிமார். வந்தவர்கள் வரிசையைப் பார்த்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போய்க் கடைசியில் நின்றார்கள். இந்த ஊரில் ஒரு வரிசையைப் பார்த்தால் முதலில் சேர்ந்துகொள்வோம், எதற்கென்று பிறகுதான் கேட்போம். அவர்களுக்குப் பின்னால் பள்ளி ஆசிரியைகள். பின்னால் எங்கிருந்தோ லாரி டிரைவர்கள், ஒருவர் இருவர் இல்லை, ஒரு படையே. தலைவாரி, சட்டையை உள்ளே விட்டு, ஆளுக்கொரு அழைப்பிதழைக் கையில் பிடித்துக்கொண்டு. துறைமுகத்து லாரி டிரைவர்களுக்கு ஓவியத்தில் இவ்வளவு ஆர்வம் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. வீட்டுக்காரரும் அவர்களோடு நின்றார். லீவு கிடைக்காது என்று சொன்னவர்.

நான்கேகாலுக்கு வரிசை கிட்டங்கியைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, சாலைக்குப் போய்விட்டது. கூடத்துக்குள் ஐந்து ஓவியர்களும் ஒரு குத்துவிளக்கும் மட்டும்தான்.

ஞானதுரை வெளியே ஓடி வந்தான். "ஏன் எல்லாரும் இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, ப்ளீஸ்!"

"எப்படி வர?" என்றாள் பேச்சியக்கா. "முன்னால ஆளு இருக்குல்லா?"

"எங்க இருக்கு?"

"இந்தா." செங்கல்லைக் காட்டினாள்.

"அது செங்கல்லும்மா!"

"அது முத்துக்கனி."

பின்னால் வங்கி மேலாளரின் மனைவி தன் கணவரிடம், "முதல்ல நிக்கிற முத்துக்கனி இன்னும் வரலையாம். அதான் லேட்டு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். செய்தி வரிசையோடு சாலை வரைக்கும் போனது. ஒருவர்கூட இது அபத்தம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் எல்லோரும் எங்கேயோ, எதற்காகவோ, ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

ஞானதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. குனிந்து செங்கல்லைத் தூக்கப் போனான். அவ்வளவுதான். நடை முழுக்க ஒரே சத்தம்.

"ஏய், கைய எடுங்க!"

"ஆளு இல்லாத நேரத்துல அவ இடத்த எடுப்பியளா?"

வங்கி மேலாளரும் சேர்ந்து கத்தினார். அவருக்கு முத்துக்கனி யாரென்றே தெரியாது. ஞானதுரை கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சென்னைத் தமிழ் எங்கே போனதோ, "ஏ புஷ்பம், இவிய கிட்ட என்னன்னு சொல்லேன். கமலவேணி அம்மாவையும் காணல, போனும் எடுக்க மாட்டேங்காவ!" என்றான்.

அந்தம்மா எங்கேயும் போகவில்லை. அனுப்பிய கார் வரத் தாமதமானதால் ஆட்டோவில் வந்து இறங்கி, வேப்பமரத்தடியில், இரண்டு டிரைவர்களுக்கு நடுவே, கட்டை வெட்டு நரைமுடியோடு நின்றுகொண்டிருந்தார். டிரைவர்கள் கொடுத்த கடலை கையில் இருந்தது. ஞானதுரை பதறிப்போய், "அம்மா, நீங்க ஏன் இங்க? முன்னாடி வாங்க" என்று கையைப் பிடித்தான்.

"முன்னாடி ஆள் இருக்காங்களே துரை" என்றார் அவர். "அந்தச் செங்கல் பொண்ணு வந்துட்டாளா?"

அந்த நேரம்தான் முத்துக்கனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். சாலையிலிருந்தே எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். பேராசிரியர் விலகி நின்று, "வாங்கம்மா, உங்க இடம் அப்படியே இருக்கு" என்றார். அவள் மிரண்டு போய்ச் செங்கல்லின் பின்னால் வந்து நின்று, "என்னக்கா, தண்ணி வந்துட்டா?" என்று கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பைத் தவிர வேறெங்கும் நான் குரலை உயர்த்தியவள் இல்லை. நேற்று உயர்த்தினேன். கிட்டங்கியின் கூரை அதிரும்படி கத்தினேன்.

"தண்ணி வந்துட்டு!"

அப்போது எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது? செங்கல் சிமெண்டுத் தரையில் உரசுகிறது. மூடி கீச்சிடுகிறது. குடம் உருள்கிறது, நாற்காலி நொண்டுகிறது. முத்துக்கனி காலால் கல்லைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகக் கூடத்துக்குள் போனாள். பின்னாலேயே பேச்சியக்கா, மைமூன், சேலத்துப் பெண், மொத்த வரிசையும். டிரைவர்கள் விசில் அடித்தார்கள். ஒரு காமிராக்காரர் பின்னோக்கி நடந்தபடியே படம் பிடித்தார்.

வரிசை என்பதால் யாரும் ஓடவில்லை. ஓர் அடி, ஒரு நிற்பு. இன்னோர் அடி, இன்னொரு நிற்பு. சுவரோரமாகவே நகர்ந்தார்கள். நகராத நேரத்தில் எதிரே இருக்கிற படத்தைத்தானே பார்க்க வேண்டும்? பார்த்தார்கள். நிலோஃபரின் வாப்பா சட்டைக் காலரை முடிக்கிற வரைக்கும் மைமூன் கண்ணெடுக்காமல் நின்று, "அந்தக் கைய இன்னும் கொஞ்சம் இழுத்துத் தேக்கணும்" என்றாள். ஞானதுரையின் டம்ளருக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள் வெகுநேரம் நின்றார்கள். "நுரையப் பாருடே, இப்பதான் ஆத்தி ஊத்துன மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். ஞானதுரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் முகத்தை நான் பார்த்தேன். கல்லூரியில் முதல் படத்துக்குப் பாராட்டு வாங்கிய அன்றைக்கு இருந்த அதே முகம்.

கமலவேணி அம்மா தன் முறை வந்தபோதுதான் உள்ளே வந்து விளக்கேற்றினார். மைக்கைப் பிடித்தார்.

"எத்தனையோ திறப்பு விழாவுக்குப் போயிருக்கேன். சால்வை போடுவாங்க, பஜ்ஜி சாப்பிடுவாங்க, போயிடுவாங்க. படத்துக்கு முன்னாடி இவ்வளவு நேரம் நின்ன கூட்டத்த இன்னிக்குத்தான் பாக்குறேன். இந்த வரிசைய வச்சது யாரு?"

"எங்க டீச்சரு!" என்று தெருவே கத்தியது. "தங்கபுஷ்பம் டீச்சர்!" என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், தனியாக, எல்லோரையும்விடச் சத்தமாக. யார் என்று தெரியவில்லை, கூட்டம் மறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டுச் சேலை முந்தானையிலேயே துடைத்தேன். வெட்கமாக இல்லை. இருபத்தைந்து வருஷம் காத்திருந்து என் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். ஆசை தீர அழுதேன்.

கூடத்தைச் சுற்றி முடித்தவர்கள் இன்னொரு சுற்றுக்காக மறுபடி கடைசியில் போய் நின்றார்கள். ஞானதுரையும் போய் நின்றான். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றான். இன்னும் நான்கைந்து பேர் நகர்ந்தால் நடைக்குள் நுழைந்துவிடலாம். அப்போது டி.வி.க்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் பேட்டிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான். பின்னால் டிரைவர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இடத்தை விட்டால் மறுபடி சாலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தன் தோல் செருப்பு இரண்டையும் கழற்றினான். ஒன்றோடொன்று சேர்த்து, நேராக, வரிசையில் வைத்தான்.

வெறுங்காலோடு நாலடி போனவன், வாசலில் நின்ற என்னைப் பார்த்துத் திரும்பி வந்தான். "புஷ்பம், என் இடம் இருக்கும்லா?"

"இருக்கும் துரை. நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவன் செருப்பை என் காலால் பதமாகத் தள்ளி முன்னால் வைத்தேன்.